இரு நிர்வாகங்களும் ஒரு மூதாட்டியும்

தானாகக் குளிக்க இயலாத ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டுவது யாருடைய கடமை என்னும் கேள்வி இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக உத்தியோகத்தர்களை வாதிட வைத்தது. தோல் நோய்க்கோ ஆறாத புண்ணுக்கோ பரிகாரமாகக் குளிப்பாட்டினால் அது வைத்தியக் குளிப்பு. தாதி ஒருவர் வருவார், கட்டணம் இல்லை. உடல் தூய்மைக்காக மட்டும் குளிப்பாட்டினால் அது சமூகக் குளிப்பு. உள்ளூராட்சி சபை ஏற்பாடு செய்யும் பணியாளர் வருவார், மூதாட்டியின் வசதியைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. தண்ணீரும் ஒன்றுதான், சவர்க்காரமும் ஒன்றுதான். செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பதில் மாத்திரமே வேறுபாடு. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்த வழக்கின் அடியில் ஒரு நாட்டின் சட்டமே கிடந்தது.

அதன் மூலத்தை 1948ஆம் ஆண்டிற் காணலாம். அவ்வாண்டு யூலை மாதம் 5ஆந் திகதி பிரித்தானியாவில் இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, தேசிய சுகாதார சேவையை நிறுவிய சட்டம். அது வைத்தியசாலைகளை அரசாங்கத்தின் பொறுப்பிற் கொண்டுவந்து, நோயாளியிடம் பணம் வாங்காமற் சிகிச்சை அளிக்க வழிசெய்தது. மற்றது, தேசிய உதவிச் சட்டம். முதுமையாலோ இயலாமையாலோ பராமரிப்பு வேண்டி நின்றோருக்கு இல்லிடம் அளிக்கும் கடமையை அது உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்தது. அவ்வாறு பராமரிக்கப்படுவோர் தம் வசதிக்கேற்பப் பணம் செலுத்தவேண்டும் என்றும் விதித்தது. நோயுற்றவர் ஒருவர், வலுவிழந்தவர் வேறொருவர் என்று சட்டம் வரைந்தோர் எண்ணினர். அக்காலத்து நிலைக்கு அது பெருந்தவறென்று சொல்லுவதற்கில்லை. மனிதர் நீண்ட காலம் வாழத் தொடங்கிய பின்னரே, ஒருவரே ஒரே வேளையில் நோயாளியாகவும் வலுவிழந்தவராகவும் பத்து ஆண்டுகள் இருக்கக்கூடும் என்பது வெளியாயிற்று.

இலங்கையிலும் வைத்தியசாலை ஒரு நிர்வாகத்தின் கீழும் சமூக சேவை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலும் இருப்பதை அறிந்த நேயர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதாகத் தோன்றாது. இங்கிலாந்தில் அதன் விளைவு வேறு விதமாகத் தலைகாட்டியது. தனித்து வாழும் ஒரு கிழவி வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்கிறார். வைத்தியசாலையில் எலும்பு பொருத்தப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் வைத்தியர் துண்டு வெட்டத் தயார். ஆயினும் கிழவி வீட்டுக்குப் போக இயலாது. மலசலகூடத்திற் பற்றிக்கொள்ள ஒரு பிடி பொருத்தப்படவேண்டும். காலையும் மாலையும் எழுப்பி உடுத்துவிட ஒருவர் வேண்டும். இவை சபையின் வேலை. சபை உத்தியோகத்தர் வந்து பார்க்கவேண்டும், படிவம் நிரப்பவேண்டும், செலவுக்கு அனுமதி பெறவேண்டும். அதற்குள் மூன்று வாரம் கழிந்துவிடும். படுக்கையிற் கிடந்த கிழவியின் கால்களில் எஞ்சியிருந்த வலுவும் போய்விடும். இனி வீட்டுக்கு அனுப்பிப் பயனில்லை, முதியோர் இல்லத்துக்கே அனுப்பவேண்டும் என்ற முடிவும் பிறந்துவிடும். வீட்டில் அவர் விட்டு வந்த பூனையும் பூச்சட்டியும் அயலவர் பொறுப்பாகிவிடும்.

இதில் வருந்தத்தக்க செய்தி யாதெனில், அந்த மூன்று வாரங்களில் எவரும் தம் கடமையிலிருந்து தவறவில்லை என்பதே. வைத்தியர் தம் வேலையைச் செய்தார். சபை உத்தியோகத்தர் தம் முறை வந்தபோது வந்தார். ஆனால் வைத்தியசாலையில் இத்தகையோருக்குக் கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பவர் என்று ஒரு பட்டப்பெயர் இடப்பட்டிருந்தது. குற்றம் கிழவியின் தலையில்!

அரசாங்கம் முதலில் தண்டனையால் இதனைத் தீர்க்க முயன்றது. 2003ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, சபையின் தாமதத்தால் ஒருவர் வைத்தியசாலையில் தங்கநேர்ந்தால், 2004 ஜனவரி முதல், நாளொன்றுக்கு 100 பவுண் வீதம் சபை வைத்தியசாலைக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. லண்டனிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் 120 பவுண். ஒரு வீட்டில் மூத்த பிள்ளை பிந்தினால் இளைய பிள்ளைக்குத் தண்டம் கட்டவேண்டும் என்று தாய் விதித்தாற்போன்ற ஏற்பாடு இது. தாமதம் யாரால் நேர்ந்தது என்று நிறுவுவதற்கும் நேரமும் உத்தியோகத்தரும் தேவைப்பட்டமை சொல்லாமலே விளங்கும்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், டெவன் பிரதேசத்தில், டோர்பே என்னும் சிறிய கடற்கரைப் பகுதி வேறு வழியிற் சென்றது. டோர்க்கி, பெயின்டன், பிரிக்ஸம் என்னும் மூன்று ஊர்கள் ஒரு வளைகுடாவைச் சூழ அமைந்து டோர்பே ஆயின. துப்பறியும் கதைகளாற் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி பிறந்த ஊர் டோர்க்கி என்றால் நேயர்கள் சிலருக்கு இடம் நினைவில் நிற்கும். இதமான காற்றும் கடலும் உள்ள இடமாதலின், வேலையிலிருந்து இளைப்பாறியோர் நாட்டின் பல பாகங்களிலுமிருந்து வந்து குடியேறுவர். 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பில் அங்கிருந்தோர் ஏறக்குறைய 131,000 பேர். அவர்களுள் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் 65 வயதை எட்டியவர்கள். பிள்ளைகள் தொலைவில் இருக்க, கணவனோ மனைவியோ இறந்தபின் தனித்துப்போன முதியோர் நிறைந்த ஊர். இங்கிலாந்து முழுவதும் பின்னர் காணவிருந்ததை டோர்பே முன்னதாகவே கண்டது எனலாம்.

டோர்பே சபை 1998ஆம் ஆண்டில் டெவன் மாவட்டச் சபையிலிருந்து பிரிந்து தனித்தியங்கத் தொடங்கியிருந்தது. சிறிய சபையாதலின் முதியோர் பராமரிப்பைத் தனியே சுமப்பது அதற்கு எளிதாக இருக்கவில்லை. வேறு இரு சட்டங்கள் வழியைத் திறந்து வைத்திருந்தன. 1999ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், சுகாதார சேவையும் உள்ளூராட்சி சபையும் தம் பணத்தை ஒரே பெட்டியிற் போட்டுச் செலவிட அனுமதித்தது. 2001ஆம் ஆண்டின் சட்டம், இரண்டு வேலைகளையும் ஏற்கும் பராமரிப்பு நிலையங்களை அமைக்க இடமளித்தது. சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. எனினும் அதனைப் பயன்படுத்திய இடங்கள் மிகச் சிலவே. கதவு திறந்திருந்தும் பலர் உள்ளே செல்லவில்லை. சென்றாற் சம்பள விகிதம், ஓய்வூதியம், பதவி உயர்வு, யார் யாருக்குக் கீழ் என்னும் முடிச்சுகள் அத்தனையையும் அவிழ்க்கவேண்டியிருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

டோர்பேயின் முயற்சியில் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது, அது நிர்வாக வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை என்பதாகும். திருமதி ஸ்மித் என்னும் கற்பனை மூதாட்டி ஒருவரிலிருந்து அது தொடங்கியது. அவருக்கு வயது 85. உடலிற் பல நோய்கள். வைத்தியர், தாதி, சபை உத்தியோகத்தர், உபகரணம் கொண்டுவருபவர் என்று பலர் அவர் வாசலுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவரும் அவரது பெயரையும் பிறந்த திகதியையும் வருத்தத்தையும் புதிதாகக் கேட்டு எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. டோர்பேயில் நடந்த கூட்டங்களில் இந்தத் திருமதி ஸ்மித்தின் கதை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. எந்த மாற்றம் முன்வைக்கப்பட்டாலும், இதனாற் திருமதி ஸ்மித்துக்கு என்ன நன்மை என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது.

இது வெறும் உபாயம் என்று சிலர் நினைக்கலாம். ஓர் உத்தியோகத்தர் கூட்டத்தில், இன்ன பதவி எவ்வகுப்பைச் சார்ந்தது என்ற வாதம் இரண்டு மணி நேரம் ஓடக்கூடியது என்பதை அறிந்தவர்களோ அதன் பெறுமதியை அறிவார்கள். தாதியும் சமூக சேவை உத்தியோகத்தரும் தத்தம் தொழிலின் பெருமையைப் பற்றிப் பேசினால் இணங்குவது கடினம். படிக்கட்டில் ஏற இயலாமல் நிற்கும் ஒரு கிழவியைப் பற்றிப் பேசினால் இருவருக்கும் ஒரே விடைதான் தோன்றும். அவர்கள் இருவரும் அந்தத் தொழிலைத் தெரிந்தெடுத்ததே அவரைப் போன்றவர்களுக்காக அல்லவா?

இரண்டாவதாக, மாற்றம் சிறிய அளவில் ஆரம்பிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில், மீன்பிடித் துறைமுகமான பிரிக்ஸம் ஊரில் முதற் குழு பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் தாதிமார், சமூக சேவை உத்தியோகத்தர், கைகால்களுக்குப் பயிற்சி அளிப்போர், வீட்டிற் புழங்குவதற்கான வசதிகளை அமைத்துக்கொடுப்போர் ஆகிய எல்லாரும் ஒரே முகாமையாளரின் கீழ் வந்தனர். அங்கு கற்ற பாடங்களைக் கொண்டே ஏனைய பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. டோர்பே முழுவதும் ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரமும் அங்குள்ள குடும்ப வைத்தியர்களின் நிலையங்களோடு பொருந்துமாறு வகுக்கப்பட்டது. இது சிறிய விடயமன்று. இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பெயர் பதிந்திருப்பர். வைத்தியரின் இடாப்பும் குழுவின் இடாப்பும் ஒன்றானபோது, இவர் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எழ இடமில்லாது போயிற்று.

குழுக்கள் வேலைசெய்யத் தொடங்கிய பின்னரே, 2005ஆம் ஆண்டு டிசெம்பரில், டோர்பே பராமரிப்பு நிலையம் சட்டப்படி நிறுவப்பட்டது. சபையின் முதியோர் பராமரிப்பு உத்தியோகத்தர்கள் அன்று முதல் சுகாதார சேவையின் ஊழியராயினர். இந்த வரிசை முறையை ஊன்றிக் கவனிக்கவேண்டும். வேறு பல இடங்களில் முதலிற் பெயர்ப்பலகை எழுதப்படும், அடுத்துத் தலைவர் நியமிக்கப்படுவார், கடைசியில் வேலை எப்படி நடக்கவேண்டும் என்று யோசிக்கப்படும். இலங்கையில் 1960ஆம் ஆண்டின் சட்டப்படி உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது நிர்வாகம் ஒரேயடியாகக் கைமாறியது. வகுப்பறையிற் கரும்பலகையின் முன் நின்றவரும் அவர் கற்பித்த முறையும் மறுநாளும் அப்படியே இருந்தன. சட்டத்தின் வேகம் ஒன்று, பழக்கத்தின் வேகம் இன்னொன்று.

டோர்பே அனுபவத்தை ஆராய்ந்தோர் சிறப்பாக எடுத்துக்காட்டியது ஒரு புதிய பதவியை. வைத்தியரும் அல்லாத, தாதியும் அல்லாத, சமூக சேவையிற் பட்டம் பெற்றவரும் அல்லாத ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இணைப்பாளராக அமர்த்தப்பட்டார். குடும்ப வைத்தியரோ, வைத்தியசாலை வாட்டுத் தாதியோ, முதியவரின் மகளோ தொலைபேசியில் அழைக்கவேண்டிய எண் ஒன்றேதான். அதனை எடுப்பவர் இந்த இணைப்பாளர். அவர் விபரத்தைக் கேட்டு, இது தாதியின் வேலையா, வீட்டிற் கைப்பிடி பொருத்துபவரின் வேலையா, இன்றே போகவேண்டுமா, நாளை போனாற் போதுமா என்று தீர்த்து, அவ்வவரை அனுப்புவார். அனுப்பியவர் போனாரா என்றும் பார்ப்பார். சிக்கலான நிலை என்றால் குழுவிலுள்ள தேர்ந்தவரை அழைப்பார். அவர் அதே அறையில், அடுத்த மேசையில் இருந்தார்.

பெரிய படிப்புப் படித்த பலர் தீர்க்காததை இவர் எவ்வாறு தீர்த்தார்? காரணம் எளியது. தாதி தாதியின் கண்ணால் மூதாட்டியைப் பார்த்தார். சமூக சேவை உத்தியோகத்தர் தம் கண்ணாற் பார்த்தார். இணைப்பாளருக்குக் காக்கவேண்டிய தொழிற்பெருமை ஒன்றும் இருக்கவில்லை. இது எங்கள் வேலையல்ல என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லாதிருந்ததே அவருடைய பலம். பாடசாலைகளில் அதிபர் இல்லாத நாளிலும் அலுவல்களை நடத்திச் செல்லும் எழுதுவினைஞரை அறிந்தோர், இந்தப் பதவியின் தன்மையை இலகுவில் உணர்வர். ஆள்பலமும் அதிகாரமும் இல்லாதவர். ஆனால் எந்தக் கடிதம் எந்த மேசையிற் கிடக்கிறது என்பதை அவர் மட்டுமே அறிவார்.

மாற்றம் என்றால் அச்சமும் உடன் வரும். வைத்தியத்தையும் பராமரிப்பையும் இணைத்த இடங்களிலெல்லாம் ஒரேவிதமான அச்சங்களே மீண்டும் மீண்டும் எழுந்தன. சமூக சேவை உத்தியோகத்தர்கள் தாம் விழுங்கப்பட்டுவிடுவோமென அஞ்சினர். சுகாதார சேவை மிகப் பெரியது. அதன் பேச்சு நோயைப் பற்றியது. ஒரு மனிதரின் விருப்பம், உரிமை, குடும்ப நிலை ஆகியவற்றைப் பற்றி வாதாடப் பழகிய தாம், வைத்தியசாலைக் கட்டிலைக் காலியாக்கும் எடுபிடிகளாகிவிடுவோமோ என்பது அவர்கள் கவலை. இது வீணான கவலையன்று. தாதிமாருக்கும் ஒரு கவலை இருந்தது: தாதித் தொழிலை அறியாத ஒருவர் முகாமையாளராக வந்தால், ஒரு புண்ணை எத்தனை தடவை கட்டவேண்டும் என்று யார் தீர்மானிப்பது? இவற்றின் கீழ் மற்றொரு கேள்வி கிடந்தது. அடுத்த மேசையிலிருப்பவருக்கும் எனக்கும் ஒரே வேலையானால், லீவு நாட்களும் சம்பளமும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்பதே அது. உயர்ந்த கொள்கைகளைப் பற்றிய கூட்டத்தில் இதனை எவரும் எழுந்து கேட்கமாட்டார்; தேநீர் இடைவேளையில் எல்லாரும் இதையே பேசுவர்.

இவ்வச்சங்களை உரைகளால் தீர்க்க முடியாது. இரண்டு ஏற்பாடுகள் அவற்றைத் தணிக்க உதவக்கூடியவை. ஒன்று, அன்றாட முகாமையும் தொழில்முறை மேற்பார்வையும் வேறுவேறாக இருத்தல். யார் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதைக் குழுவின் முகாமையாளர் முடிவுசெய்வார். தாதியின் தொழிலில் ஐயம் எழுந்தால் அனுபவம் மிக்க தாதி ஒருவரிடமே அவர் செல்வார். சமூக சேவை உத்தியோகத்தருக்கும் அவ்வாறே. மற்றொன்று, ஒரே அறை. ஒருவரை ஒருவர் கடிதத்தில் மாத்திரம் அறிந்திருந்த இருவர் ஒரே அறையில் இருந்து ஒரே கெற்றிலிற் தேநீர் தயாரித்துக் குடிக்கத் தொடங்கினால், படிவத்திற் பதில் வர மூன்று நாள் காத்திருந்த அலுவல் தலையைத் திருப்பிக் கேட்பதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் அறையை ஒன்றாக்குவது கணினிகளை ஒன்றாக்குவதைவிட எளிது. சுகாதார சேவைக்கும் சபைகளுக்கும் தனித்தனியே அமைக்கப்பட்ட பதிவுமுறைகள் ஒன்றோடொன்று பேச மறுப்பது, இங்கிலாந்தில் இத்தகைய முயற்சிகளை நீண்ட காலம் வாட்டிய தொல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். குழுவினர் பொதுப் பெட்டியிலிருந்து செலவிட அதிகாரம் பெற்றிருந்தனர். ஒரு மூதாட்டிக்கு இன்று மாலையே இரவுத் துணை வேண்டுமானால், அச்செலவு சுகாதாரமா சமூகப் பராமரிப்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபின் சில வாரங்கள் தங்கி நடக்கவும் உடுக்கவும் பழக்கும் இடைக்காலப் பராமரிப்புக்கு முதன்மை அளிக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் பிறந்த கைசர் பெர்மனன்டே என்னும் பெரிய வைத்திய அமைப்பின் முறைகளையும் டோர்பேயினர் ஆராய்ந்தனர். வைத்தியசாலையில் ஒருவர் வீணாகக் கழிக்கும் நாள் நிர்வாகத்தின் தோல்வி என்று கருதும் மனப்பான்மை அங்கிருந்து கற்கக்கூடியது.

விளைவு என்ன? 1998–99ஆம் ஆண்டில் டோர்பேயினர் நாளொன்றுக்குச் சராசரியாக 750 வைத்தியசாலைக் கட்டில்களை நிரப்பினர். 2009–10ஆம் ஆண்டில் அது 502 ஆகக் குறைந்தது. அவ்வாண்டில், 65 வயதுக்கு மேற்பட்டோர் ஆயிரம் பேருக்கு, அவசர நிலையில் அனுமதிக்கப்பட்டு வைத்தியசாலையிற் கழித்த நாட்கள் 1,920. தென்மேற்குப் பிரதேசத்தின் சராசரியோ 2,698. சிகிச்சை முடிந்தும் வெளியேற வழியின்றிக் காத்திருப்போர் தொகை மிக மிகச் சிறிதாயிற்று. அக்காலத்தில் நாடெங்கும் வைத்தியசாலையிற் தங்கும் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன என்பதை மறத்தலாகாது. முழுப் பெருமையையும் இணைப்புக்கே கொடுப்பது நேர்மையாகாது. ஆனால் அயற்பகுதிகளோடு ஒப்பிடும்போது காணும் வேறுபாடு தற்செயலானது என்று தள்ளிவிடவும் முடியாது.

இணைப்பு எங்கும் இத்தகைய பலனைத் தந்துவிடவில்லை. வட அயர்லாந்தில், 1972ஆம் ஆண்டின் ஆணைப்படி, 1973 ஒக்டோபர் முதல் வைத்தியமும் சமூக சேவையும் நான்கு பிராந்தியச் சபைகளின் கீழ் ஒன்றாக்கப்பட்டன. டோர்பேக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே! எனினும் ஒரே கூரையின் கீழ் இருந்துங்கூட, வைத்தியசாலைகளின் தேவையே மேலோங்கிச் சமூக சேவை பின்தள்ளப்பட்டது என்ற முறைப்பாடு அங்கு ஓயவில்லை. ஸ்கொட்லாந்து 2014ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, நாடு முழுவதையும் இணைக்க முற்பட்டது. 2016 ஏப்பிரலில் 31 இணைப்பு நிறுவனங்கள் இயங்கத் தொடங்கின. அவற்றின் பொறுப்பில் 800 கோடி பவுணுக்கு மேற்பட்ட நிதி வந்தது. அந்நாட்டின் கணக்காய்வாளர் 2018ஆம் ஆண்டின் அறிக்கையில், முன்னேற்றம் உண்டெனினும், நிதித் திட்டமிடலிலும் தலைமையிலும் தகவற் பரிமாற்றத்திலும் குறைகள் நீடிப்பதாகச் சுட்டிக்காட்டினார். இங்கிலாந்திலோ, இணைப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கிய அரசாங்கத்தின் திட்டம் எதிர்பார்த்த சிக்கனத்தையும் நோயாளருக்கான பலனையும் தரவில்லை என்று தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2017ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறியது.

இவற்றையும் டோர்பேயையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தென்படுகிறது. அங்கெல்லாம் இணைப்பு மேலிருந்து கீழே இறங்கியது; குறித்த திகதியில் தொடங்கி, குறித்த ஆண்டுக்குள் பணத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்ற நெருக்கடியும் பல இடங்களில் உடன் வந்தது. டோர்பேயில் ஒரே தலைமை பல ஆண்டுகள் நீடித்தது, ஊர் சிறியது, சபையினரும் வைத்தியரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். பிரிக்ஸத்திற் தொடங்கிய குழு வேலையின் பயன் எண்களில் தெளிவாகத் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. ஒவ்வோர் ஆண்டும் புதிய திட்டம் கேட்கும் அமைச்சின் பொறுமைக்கு இது பொருந்துவதன்று. முதலாம் ஆண்டின் முடிவிற் கணக்குக் கேட்டிருந்தால், டோர்பேயும் தோல்வியென்றே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

உண்மையில் டோர்பேயைக் குலுக்கியதும் மேலிருந்து வந்த மாற்றமே. சேவையைக் கொள்வனவு செய்பவரும் அளிப்பவரும் ஒரே நிலையமாக இருத்தலாகாது என்று மத்திய அரசு வகுத்த விதியால், இரண்டையும் தன்னுள் வைத்திருந்த பராமரிப்பு நிலையம் கலைக்கப்பட வேண்டியதாயிற்று. குழுக்கள் 2012ஆம் ஆண்டில் அயற்பகுதியையும் சேர்த்து அமைக்கப்பட்ட வேறொரு நிறுவனத்தின் கீழ் வந்தன. 2010ஆம் ஆண்டுக்குப் பின் உள்ளூராட்சி சபைகளுக்கான அரசாங்க நிதியும் ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டது. பொதுப் பெட்டி நிறைந்திருக்கும்போது அது யாருடைய பணம் என்று கேட்பவர் இல்லை. வற்றத் தொடங்கினால் அக்கேள்வி உடனே திரும்பி வந்துவிடுகிறது. 2015 ஒக்டோபரில் டோர்பே வைத்தியசாலையும் இந்தக் குழுக்களும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. வைத்தியசாலை, வீட்டு வைத்தியம், சமூகப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் இவ்வாறு ஒன்றாக ஏற்ற முதல் நிறுவனம் என்ற பெயர் இங்கிலாந்தில் அதற்கு உண்டு. பத்தாண்டுகளுக்குள் மேலுள்ள பெயர்ப்பலகை மூன்று தடவை மாறியது. வட்டாரக் குழுவில் வேலைசெய்த தாதிக்கு மாறாமல் இருந்தது, அவர் காலையிற் செல்லவேண்டிய வீடுகளின் இடாப்பு.

சட்டத்தின் கோடு மட்டும் இன்னும் அழியவில்லை. இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம். நீண்டகாலப் பராமரிப்புக்கு வசதிச் சோதனை உண்டு. 23,250 பவுணுக்கு மேற் சேமிப்பு உள்ளவர் தம் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்கவேண்டும். 2010ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அந்த எல்லை, பொருள்களின் விலை எவ்வளவோ ஏறியும், 2025ஆம் ஆண்டிலும் அதே தொகையாகவே இருந்தது. ஸ்கொட்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் போன்ற உடற்பராமரிப்பு 2002ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது; இங்கிலாந்து அவ்வழியைப் பின்பற்றவில்லை. ஆதலால், ஒரே குழுவாக இணைந்தவர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டிற் செய்யும் வேலையில் இன்றும் ஒரு பிளவு வருகிறது. வைத்தியசாலையிலிருந்து வந்த பின் நடக்கவும் உடுக்கவும் பழக்கும் இடைக்காலப் பராமரிப்பு ஆறு வாரம் வரை இலவசம். அதற்குப் பின்னும் காலையில் எழுப்பிக் குளிப்பாட்ட ஒருவர் தேவையென்றால், குழுவில் ஒருவர் அவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, வங்கிப் புத்தகத்தைக் கேட்கவேண்டியிருக்கிறது.